பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் நிரலில் நினைவகம் காரணம் தெரியாமல் வளர்ந்தால் எங்கே, எப்படித் தேடுவது

காலையில் தொடங்கிவைத்த நிரல் மாலைக்குள் இருமடங்கு ரேமை எடுத்துக்கொள்கிறது. நிறுத்தித் தொடங்கினால் பழைய அளவுக்குத் திரும்புகிறது. மறுநாளும் அதே போக்கில் வளர்கிறது. பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் எந்த நிரலிலும் இந்தச் சிக்கல் வரக்கூடும். பெரும்பாலான இடங்களில் இதற்குச் செய்யப்படும் முதல் ஏற்பாடு, நள்ளிரவில் நிரலைத் தானாக நிறுத்தித் தொடங்குவதுதான். அது அன்றைய வேலையைக் காப்பாற்றும் என்பது உண்மை. ஆனால் காரணத்தைக் காட்டும் தடயங்களையும் அது ஒவ்வோர் இரவும் அழித்துவிடுகிறது. பயனர்கள் பெருகும்போது நள்ளிரவுவரை தாங்கிய நிரல் நண்பகலிலேயே விழத் தொடங்கும். அப்போது கையில் எந்த ஆதாரமும் இருக்காது.

நினைவகம் எவ்வளவு வளர்ந்தது என்பதைவிட, அது எதனோடு சேர்ந்து வளர்கிறது என்பதே நம்மைக் காரணத்திடம் கொண்டுசேர்க்கும். பயனர் எண்ணிக்கையோடு சேர்ந்தா, கோரிக்கைகளின் எண்ணிக்கையோடு சேர்ந்தா, உள்நுழைவுகளோடு சேர்ந்தா, அல்லது யாரும் தொடாதபோதும் கடிகாரத்தோடு சேர்ந்தா என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் முன் நிரலின் உள்ளே பார்க்கும் கருவிகளைத் திறந்தால், இலட்சக்கணக்கான ஆப்ஜெக்ட்களின் (நிரல் நினைவகத்தில் உருவாக்கும் தரவுத் துண்டுகளின்) பட்டியல் கிடைக்குமே தவிர, அவற்றில் எது குற்றவாளி என்று சொல்ல முடியாது.

விளக்கத்துக்காக, கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி ஓர் ஏலக் கணக்கு நிரல் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். படகுகள் கரை சேரும் அதிகாலையில் எடை போடுபவர், ஏலக் கணக்கர், மொத்த வியாபாரி, படகு உரிமையாளர் என்று பலர் ஒரே நேரத்தில் அதில் நுழைகிறார்கள். முற்பகலில் கூட்டம் குறைந்துவிடுகிறது. நிரல் ஜாவாவில் எழுதப்பட்டு, லினக்ஸ் சர்வர் ஒன்றில், ஜாவா வலை நிரல்களை இயக்கும் டாம்கேட்டின்மேல் ஓடுகிறது. தரவுகள் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகின்றன. ஏல விலைகள் கைபேசிகளுக்கு உடனுக்குடன் அனுப்பப்படுகின்றன. உங்கள் நிரல் வேறு மொழியில் இருந்தாலும் தேடும் வழி பெரும்பாலும் இதுவேதான்.

வளர்ச்சி உண்மையானதா?

லினக்ஸ் தன்னிடம் மீதமிருக்கும் ரேமைச் சும்மா வைத்திருப்பதில்லை. படித்த கோப்புகளை அதில் நிறுத்திவைத்து, நிரல்கள் கேட்கும்போது விட்டுக்கொடுக்கும். ஆகவே ரேமின் நிலையைக் காட்டும் ஃப்ரீ கட்டளையைக் கொடுத்ததும் காலியிடம் குறைவாகத் தெரிந்தால் அது கசிவு, அதாவது தேவை முடிந்தும் நினைவகம் விடுவிக்கப்படாத நிலை, என்று முடிவுகட்டக் கூடாது. அவைலபிள் என்ற நெடுவரிசைதான் உண்மையில் இன்னும் எவ்வளவு கிடைக்கும் என்பதன் மதிப்பீடு. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின், 2014இல் வெளிவந்த 3.14 பதிப்பிலிருந்து இந்த மதிப்பீட்டைக் கெர்னலே கணக்கிட்டுத் தருகிறது. அது நாளுக்கு நாள் இறங்கினால் மட்டுமே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு ப்ராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின்) அளவைப் படிக்கும்போது மூன்று எண்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. விஎஸ்இசட் என்பது நிரல் கேட்டுவைத்த முகவரி இடம். அது பல ஜிகாபைட்டாக இருந்தாலும் அதனால் மட்டும் ரேம் தீர்ந்துவிடாது. ஆர்எஸ்எஸ் என்பது உண்மையில் ரேமில் இருப்பது. ஆனால் பல ப்ராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் பக்கங்களை அது ஒவ்வொன்றின் கணக்கிலும் முழுமையாகச் சேர்த்துவிடும். போஸ்ட்கிரெஸில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனி ப்ராசஸ் உண்டு, அவை எல்லாம் ஒரே பகிர்வு நினைவகத்தைத் தொடுகின்றன; ஆகவே 40 இணைப்புகளின் ஆர்எஸ்எஸைக் கூட்டினால் சர்வரில் உள்ள ரேமைவிடப் பெரிய தொகைகூட வரும். பகிர்ந்த பகுதியைப் பங்கிட்டுச் சொல்வது பிஎஸ்எஸ் என்னும் எண். ப்ராக் கோப்பகத்தில் அந்தந்த ப்ராசஸின் எண்ணுக்குக் கீழே ஸ்மாப்ஸ் ரோலப் என்ற கோப்பில் இதன் மொத்தத்தைப் பார்க்கலாம், 4.14 கெர்னல் முதல் இந்தக் கோப்பு இருக்கிறது.

ஜாவாவுக்கு இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். ஜாவா தன் ஆப்ஜெக்ட்களை வைக்கும் ஹீப் என்னும் பகுதியின் உச்ச வரம்பை 4 ஜிபி என்று நீங்களே கொடுத்திருந்தால், பயனற்ற ஆப்ஜெக்ட்களை அகற்றும் கார்பேஜ் கலெக்டர் அந்த வரம்பை நெருங்கும்வரை அவசரப்படாமல் இருப்பது அதன் இயல்பு. வரைபடத்தில் நினைவகம் ஏறி, சட்டென்று இறங்கி, மீண்டும் ஏறும். பார்க்க வேண்டியது அதன் உச்சியை அன்று, முழு கார்பேஜ் கலெக்ஷனுக்குப் பிறகு அது இறங்கி நிற்கும் அடிமட்டத்தைத்தான். கார்பேஜ் கலெக்ஷன் (ஜிசி) பதிவைக் கோப்பில் எழுதும்படி அமைத்தால் அந்த அடிமட்டம் எண்ணாகவே கிடைக்கும். அடிமட்டம் நேற்று 600 மெகாபைட், இன்று அதே நேரத்தில் 750, நாளை 900 என்று ஏறினால் சிக்கல் உண்மை. ஏற்ற இறக்கங்களுக்கு நடுவே அடிமட்டம் ஒரே இடத்தில் இருந்தால் நிரல் நலமாக இருக்கிறது. ஹீப் வரம்பை நிர்ணயிப்பதில்தான் உங்கள் கவனம் தேவை. கோ மொழியில் எழுதியவர்களுக்கும் இதுபோன்ற ஒரு செய்தி உண்டு: 2019இல் வந்த 1.12 பதிப்பிலிருந்து 1.15 வரை, விடுவித்த பக்கங்களை லினக்ஸ் உடனடியாகத் திரும்பப் பெறாத முறை கையாளப்பட்டதால் ஆர்எஸ்எஸ் உயர்ந்தே தெரியும், 1.16இல் அது மாற்றப்பட்டது.

எதனோடு சேர்ந்து வளர்கிறது?

இந்தப் பகுதிக்குத்தான் பொறுமை வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை சில எண்களை ஒரே வரியில் எழுதிவைக்கும் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றை ஓடவிடுங்கள். நேரம், நிரலின் ஆர்எஸ்எஸ், ஹீப்பில் பயன்பாட்டில் உள்ள அளவு, உயிரோடு இருக்கும் செஷன்களின் (ஒவ்வொரு பயனருக்கும் சர்வர் வைத்திருக்கும் பதிவுகளின்) எண்ணிக்கை, த்ரெட்களின் (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகளின்) எண்ணிக்கை, திறந்திருக்கும் இணைப்புகள், அதுவரை வந்த மொத்தக் கோரிக்கைகள், நிரல் தொடங்கிய நேரம் ஆகியவை போதும். விலையுயர்ந்த கண்காணிப்புக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு விரிதாளில் இவற்றை அருகருகே வரைந்து பார்த்தால், நினைவகக் கோடு எந்தக் கோட்டின் சாயலில் ஏறுகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

அதிகாலையில் செஷன்களோடு சேர்ந்து ஏறி, கூட்டம் கலைந்த பிறகு அவற்றோடு சேர்ந்து இறங்கினால் அது கசிவே அன்று. ஒரு பயனருக்கு ஆகும் செலவு மிகுதி என்று பொருள். கூட்டத்தோடு ஏறி, கூட்டம் கலைந்தும் இறங்காமல், மறுநாள் காலை அந்த உயரத்திலிருந்தே மீண்டும் ஏறினால், பயனர் வெளியேறிய பிறகும் அவருக்குரியது எதுவோ விடுவிக்கப்படவில்லை. நாளில் ஒரே ஒரு குறிப்பிட்ட நேரத்தில் படிக்கட்டுபோல ஏறினால், அந்த நேரத்தில் ஓடும் அறிக்கையையோ காப்புப்பிரதியையோ சந்தேகிக்க வேண்டும். இரவு பகல் பாராமல் சாய்கோடாக ஏறினால் பயனர்களை விட்டுவிட்டு, தானாக ஓடும் வேலைகளையும் கண்காணிப்புக் கோரிக்கைகளையும் பார்க்க வேண்டும்.

சாய்கோட்டைப் பயனர்களின் செயல்பாட்டிலிருந்து பிரித்துப் பார்ப்பது மற்ற ஊர்களில் கடினம். கடலூரில் அதற்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. நாட்டுப் படகுகளின் வரத்து தொடர்ந்தாலும் ஏல நிரலின் பயன்பாடு அந்த நாள்களில் பெரிதும் சரிந்துவிடும். நிரலும் சர்வரும் அப்படியே இருக்க, பயனர்கள் மட்டும் குறையும் இத்தகைய நிலையைச் செயற்கையாக உருவாக்குவது எளிதன்று. தடைக்காலத்திலும் நினைவகம் அதே சரிவில் ஏறினால், ஏலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று துணிந்து சொல்லலாம். ஏற்றம் நின்றுவிட்டால், வணிக நடவடிக்கைகளில் ஒன்றில்தான் காரணம் இருக்கிறது. உங்கள் தொழிலுக்கும் இப்படி ஒரு மந்த காலம் இருக்கும். பள்ளி நிரலுக்குக் கோடை விடுமுறை, அலுவலக நிரலுக்கு நீண்ட வார விடுமுறை. அதைத் தவறவிடாமல் பதிவுசெய்யுங்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு காலமும் இங்கே உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மின்தடை வந்து சர்வர் அடிக்கடி நின்று தொடங்கினால், நிரல் நன்றாக ஓடுவதுபோலவே தெரியும். ஏனெனில் வளர்வதற்கு அதற்கு நாள் கிடைப்பதில்லை. மழைக்காலத்தில் செய்த ஒரு திருத்தம் பலித்துவிட்டது என்று நம்பிப் பொங்கலுக்குப் பிறகு ஏமாறாமல் இருக்கவே, நிரல் தொடங்கிய நேரத்தையும் பதிவில் சேர்க்கச் சொன்னேன். நாள்காட்டித் தேதியை வைத்து ஒப்பிடாமல், தொடங்கியதிலிருந்து கடந்த மணிநேரத்தை வைத்தே ஒப்பிட வேண்டும்.

சோதனைச் சர்வரில் மீண்டும் வரவழைத்தல்

ஐயம் ஓரளவு குவிந்த பிறகு, அதே நிரலை வேறொரு கணினியில் நிறுவி, ஜேமீட்டர், லோகஸ்ட், கே6 போன்ற ஒரு சுமைக் கருவியைக் கொண்டு வளர்ச்சியை வரவழைக்க முயலுங்கள். முதலில் சிறிது நேரம் எல்லாப் பக்கங்களையும் தொட்டு நிரலைச் சூடேற்றுவது அவசியம். தொடக்கத்தில் வகுப்புகள் ஏற்றப்படுவதும் கேஷ் (மீண்டும் பயன்படுத்தச் சேர்த்துவைக்கும் தரவு) நிரம்புவதும் கசிவுபோலத் தோற்றமளிக்கும். பிறகு மூன்று ஓட்டங்களைத் தனித்தனியே நடத்துங்கள். ஒன்றில், குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பயனர்கள் நுழைந்துவிட்டு எதுவும் செய்யாமல் இருக்கட்டும். இன்னொன்றில், ஒரே ஒரு பயனர் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யட்டும். மூன்றாவதில், நுழைவதும் வெளியேறுவதும் மட்டும் நடக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் பிறகு, செஷன் காலாவதியாகும் நேரம் முழுவதும் காத்திருந்து, முழு கார்பேஜ் கலெக்ஷனைச் செய்யவைத்து, அதன் பிறகே அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். காத்திருக்கும் இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு எடுக்கும் அளவுகளுக்கு மதிப்பில்லை.

இரண்டாவது ஓட்டத்தில் திரும்பச் செய்யும் எண்ணிக்கையை 1,000 என்றோ 5,000 என்றோ வைக்காமல், 1,009 போன்ற ஒரு பகா எண்ணாக வைத்துக்கொள்வது மிகவும் பயன்தரும். ஓட்டம் முடிந்து ஆப்ஜெக்ட்களை எண்ணிப் பார்க்கும்போது ஒரு வகை சரியாக 1,009 கூடியிருந்தாலும், 2,018 அல்லது 3,027 கூடியிருந்தாலும், அது உங்கள் செயலின் எச்சம்தான் என்பதில் ஐயமே இருக்காது. பூஜ்யங்களில் முடியும் எண்ணாக வைத்தால், கேஷின் வரம்பு போன்ற, அதேபோல் முடியும் வேறு எண்களோடு அது கலந்துவிடும்.

ஹீப்பின் உள்ளே

ஜாவாவோடு வரும் ஜேசிஎம்டி கருவியில் கிளாஸ் ஹிஸ்டோகிராம் கட்டளையைக் கொடுத்தால், எந்த வகை ஆப்ஜெக்ட் எத்தனை, எவ்வளவு பைட் என்று பட்டியல் வரும். இது முன்னிருப்பாக முழு கார்பேஜ் கலெக்ஷனைச் செய்துவிட்டே எண்ணும் என்பதால் பட்டியலில் இருப்பவை யாரோ இன்னும் பிடித்துவைத்திருப்பவை. அதே காரணத்தால் நிரல் சற்று நேரம் உறைந்து நிற்கும், ஏலம் நடக்கும் நேரத்தில் இதைச் செய்யக் கூடாது. ஒரு பட்டியலால் பயனில்லை. சில மணிநேர இடைவெளியில் இரண்டு மூன்று எடுத்து, வேறுபாட்டைப் பாருங்கள். பட்டியலின் தலையில் எப்போதும் பைட் வரிசைகளும் ஸ்ட்ரிங்களுமே நிற்கும். அவற்றைத் தாண்டி, உங்கள் நிரலுக்கே உரிய பெயர் எது ஒவ்வொரு பட்டியலிலும் கூடிக்கொண்டு வருகிறது என்று தேடுங்கள்.

பெயர் தெரிந்ததும், அதைப் பிடித்துவைத்திருப்பது யார் என்ற கேள்விக்கு ஹீப்பின் முழு நகலான ஹீப் டம்ப் எடுத்து, எக்லிப்ஸ் மெமரி அனலைசரில் திறக்க வேண்டும். அதில் டாமினேட்டர் ட்ரீ என்ற காட்சி, ஒரு ஆப்ஜெக்ட் நீங்கினால் மொத்தம் எவ்வளவு விடுபடும் என்பதன்படி வரிசைப்படுத்தும். ஆப்ஜெக்டின் சொந்த அளவைக் காட்டும் ஷேலோ என்ற எண்ணை நம்ப வேண்டாம். 48 பைட் உள்ள ஒரு சிறிய ஆப்ஜெக்ட் 900 மெகாபைட்டைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கலாம். ரீடெய்ண்ட் என்ற எண்ணே தேவையானது. பிறகு அந்த ஆப்ஜெக்டிலிருந்து ஜிசி ரூட்வரை (கார்பேஜ் கலெக்டர் ஒருபோதும் நீக்காத தொடக்கப் புள்ளிவரை) செல்லும் பாதையை, தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும் வீக், சாஃப்ட் வகைச் சுட்டிகளை விலக்கிவிட்டுக் கேட்டால், அதை யார் விடாமல் வைத்திருக்கிறார் என்பது ஒரு சங்கிலியாகத் தெரியும்.

டம்ப் கோப்பைக் கையாளுவதில் மிகுந்த கவனம் தேவை. நினைவகத்தில் இருந்த அனைத்தும் அதில் அப்படியே இருக்கும்: வியாபாரிகளின் கைபேசி எண்கள், வங்கிக் கணக்கு விவரங்கள், யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது, சில நேரம் கடவுச்சொற்கள்கூட. ஆய்வுக்காக அதை மின்னஞ்சலிலோ பொதுவான டிரைவ் ஒன்றிலோ ஏற்றாதீர்கள். முடிந்தவரை சோதனைச் சர்வரில் போலித் தரவைக் கொண்டு எடுத்த டம்பையே பயன்படுத்துங்கள். உண்மைச் சர்வரில் எடுக்க நேர்ந்தால் வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

பல பயனர் நிரலில் வழக்கமாகச் சிக்குபவை

செஷனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டாம்கேட்டில் செஷன் முன்னிருப்பாக 30 நிமிடம் சும்மா இருந்த பிறகே காலாவதியாகும். ஒருவர் நுழைந்ததும் அன்றைய ஏலப் பட்டியல் முழுவதையும் செஷனில் வைக்கும் பழக்கம் நிரலில் இருந்து, அது 2 மெகாபைட் என்று கொண்டால், அரை மணி நேரத்தில் 300 நுழைவுகள் 600 மெகாபைட்டைப் பிடித்துவைக்கும். கைபேசியில் பயன்படுத்துபவர்கள் வெளியேறும் பொத்தானை அழுத்துவதில்லை, உலாவியை மூடிவிடுகிறார்கள். ஆகவே வெளியேறும்போது விடுவிப்போம் என்று எழுதிய நிரல்வரி அவர்களுக்கு ஓடுவதே இல்லை. இதைவிட மறைவானது தானாகப் புதுப்பிக்கும் பக்கம். அலுவலகக் கணினியில் இரவு முழுதும் திறந்துகிடக்கும் ஒரு விலைப் பலகை 10 விநாடிக்கு ஒருமுறை சர்வரைத் தொடுவதால் அதன் செஷன் ஒருபோதும் காலாவதியாகாது.

தடைக்காலத்திலும் நிற்காத சாய்கோட்டுக்கு, நான் முதலில் சந்தேகிப்பது கண்காணிப்புக் கோரிக்கைகளைத்தான். சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை உள்நுழைவுப் பக்கத்தைக் கேட்கும் கருவி, செஷனை அடையாளம் காட்டும் குக்கியை வைத்துக்கொள்வதில்லை. அந்தப் பக்கம் ஜாவாவின் வலைப்பக்க முறையான ஜேஎஸ்பியில் எழுதப்பட்டிருந்தால், வெளிப்படையாகத் தடுக்காத வரை ஒவ்வொரு முறையும் ஒரு புதிய செஷன் பிறக்கும். யாரோ பயனர்களின் வசதிக்காகக் காலாவதியை நீக்கியிருந்தால், ஒரு நாளைக்கு 1,440 அநாதைச் செஷன்கள் சேரும். உயிரோடு இருக்கும் செஷன்களின் எண்ணிக்கையும் உண்மையான பயனர்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்றால் இங்கேதான் தேட வேண்டும்.

அடுத்தது, பாதி அறுந்த இணைப்பு. விலைகளை உடனுக்குடன் பெற வெப்சாக்கெட் என்னும் தொடர் இணைப்பைத் திறந்து வைத்திருக்கும் கைபேசி, படகோடு கடலுக்குள் சென்று கோபுர எல்லையைத் தாண்டிவிட்டால், இணைப்பை மூடுகிறேன் என்ற செய்தி சர்வருக்கு வந்து சேராது. சர்வரைப் பொறுத்தவரை அந்தப் பயனர் இன்னும் இருக்கிறார். அவருக்கு எதுவும் அனுப்பாத வரை அந்த இணைப்பு கிடந்துகொண்டே இருக்கும். இணைப்பு உயிரோடு உள்ளதா என்று சோதிக்கும் டிசிபி கீப்அலைவ் இயக்கப்பட்டிருந்தாலும் லினக்ஸின் முன்னிருப்பு 7,200 விநாடி, அதாவது 2 மணி நேரம் அமைதியாக இருந்த பிறகே சோதிக்கத் தொடங்கும். அனுப்பினாலோ, பதில் வராத தரவை லினக்ஸ் ஏறக்குறைய 15 நிமிடம் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்த பிறகே கைவிடும். இதற்கிடையே ஒவ்வோர் இணைப்புக்கும் வரம்பில்லாத செய்தி வரிசை ஒன்றை நிரல் வைத்திருந்தால், ஏலம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் தொடர்பு அறுந்தவர்களுக்கான விலைச் செய்திகள் மலையாகக் குவியும். இதற்கான திருத்தம் நிரலிலேயே செய்யப்பட வேண்டும்: 30 விநாடிக்கு ஒருமுறை பிங் அனுப்பி, இரண்டு முறை பதில் வராவிட்டால் மூடிவிடுவது, செய்தி வரிசைக்கு ஒரு வரம்பு வைத்து, நிரம்பினால் பழைய விலையைத் தள்ளிவிட்டுப் புதியதை மட்டும் வைத்திருப்பது. பழைய விலை யாருக்கும் தேவையில்லை.

ஸ்டாட்டிக் மேப் (நிரல் ஓடும்வரை நிலைக்கும், சாவியைக் கொண்டு தேடும் பட்டியல்) ஒன்றைக் கேஷாகப் பயன்படுத்தி, அதிலிருந்து எதையும் ஒருபோதும் நீக்காமல் இருப்பது மிகப் பரவலான காரணம். வரம்பும் காலாவதியும் இல்லாத கேஷைக் கேஷ் என்றே கருதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சாவியாக வைக்கும் வகுப்பில், இரண்டு சாவிகள் ஒன்றேதானா என்று கண்டறிய உதவும் ஈக்குவல்ஸ், ஹேஷ்கோடு இரண்டையும் எழுத மறந்திருந்தால், ஒரே படகின் விவரம் ஒவ்வொரு தேடலுக்கும் புதிய பதிவாக மேப்பில் சேரும்; இதுவும் கோரிக்கை எண்ணிக்கையோடு நேர்கோட்டில் வளரும். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனியாக இருக்கும் த்ரெட்லோக்கல் மாறிகளில் பயனர் விவரத்தை வைத்து, கோரிக்கை முடிந்ததும் நீக்காமல் விடுவது இன்னொன்று. டாம்கேட் த்ரெட்களைத் திரும்பப் பயன்படுத்துவதால் அந்த விவரம் தங்கிவிடும். நினைவகம் மட்டும் வீணாவதோடு நிற்காமல், ஒருவரின் விவரம் அடுத்தவரின் கோரிக்கைக்குள் தென்படும் ஆபத்தும் உண்டு. ஆகவே இதை நினைவகச் சிக்கலாக மட்டும் எண்ணித் தள்ளிப்போட வேண்டாம்.

படிக்கட்டுபோல ஏறும் வரைபடத்துக்குப் பெரும்பாலும் அறிக்கைகளே பொறுப்பு. போஸ்ட்கிரெஸின் ஜாவா டிரைவர் முன்னிருப்பாக வினவலின் எல்லா வரிகளையும் ஒரே மூச்சில் நினைவகத்துக்குள் கொண்டுவந்துவிடும். பகுதி பகுதியாகப் பெற வேண்டுமானால் ஃபெட்ச் அளவைக் குறிப்பிட்டால் மட்டும் போதாது, ஆட்டோ கமிட்டையும் நிறுத்த வேண்டும். மார்ச் 31 நெருங்கும்போது ஆண்டு முழுவதற்குமான கணக்கைப் பலரும் ஒரே நேரத்தில் கேட்டால் என்ன ஆகும் என்பதைப் பிப்ரவரியிலேயே சோதித்துப் பார்ப்பது நல்லது.

ஹீப் அமைதியாக இருந்தும் ஆர்எஸ்எஸ் ஏறினால்

ஹீப்பின் அடிமட்டம் நிலையாக இருந்து, வெளியே தெரியும் ஆர்எஸ்எஸ் மட்டும் ஏறுவதும் உண்டு. ஜாவாவை நேட்டிவ் மெமரி டிராக்கிங் என்ற வசதியோடு தொடங்கினால், த்ரெட்கள், மெட்டாஸ்பேஸ் (வகுப்புகளின் விவரம் இருக்கும் பகுதி), கார்பேஜ் கலெக்டர் என்று ஒவ்வொரு பிரிவும் எடுத்துக்கொள்ளும் அளவைத் தனித்தனியே காட்டும். முதலில் தொடக்க அளவைப் பதிந்துவிட்டு, பிறகு வேறுபாட்டைக் கேட்கலாம். இதற்கு 5 முதல் 10 சதவீதம் வேகம் குறையும் என்பதால் தேடும் காலத்தில் மட்டும் இயக்குங்கள். த்ரெட்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், கோரிக்கைக்கு ஒரு த்ரெட் குழுவை உருவாக்கி மூடாமல் விடும் நிரல்வரி எங்கோ இருக்கிறது.

இந்த எல்லாப் பிரிவுகளும் நிலையாக இருந்து, கணக்கில் வராத இடைவெளி மட்டும் விரிந்தால், சி மொழியில் எழுதப்பட்ட துணை நூலகங்களையும் லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியின் நினைவக ஒதுக்கீட்டையும் பார்க்க வேண்டும். த்ரெட்கள் ஒன்றுக்கொன்று காத்திருக்காமல் இருப்பதற்காக ஜிலிப்சி பல அரீனாக்களை (தனித்தனி நினைவகப் பகுதிகளை) வைத்துக்கொள்கிறது. 64 பிட் கணினியில் அதன் உச்ச வரம்பு கோர்களின் எண்ணிக்கையைப்போல் 8 மடங்கு. ஒன்றில் விடுவிக்கப்பட்ட சிறு சிறு இடங்கள் மற்றொன்றுக்குப் பயன்படாமல் சிதறிக் கிடக்கும். யாரும் எதையும் மறக்கவில்லை, ஆனாலும் ரேம் திரும்புவதில்லை. மாலாக் அரீனா மேக்ஸ் என்ற சூழல் மாறியை 2 என்று வைத்து ஓட்டிப் பார்த்தால் இது உறுதியாகிவிடும். வளர்ச்சி தட்டையானால் காரணம் சிதறல்தான். மாற்று நினைவக ஒதுக்கியான ஜெமாலாக்கைப் பயன்படுத்திப் பார்ப்பதும் ஏற்றதே.

தரவுத்தளமும் அதே சர்வரில் இருந்தால் அதையும் விசாரிக்காமல் விடக் கூடாது. வினவலின் இடைவேலைகளுக்கான நினைவக வரம்பாகிய போஸ்ட்கிரெஸின் வொர்க்மெம் முன்னிருப்பாக 4 மெகாபைட்தான் என்றாலும், அது இணைப்புக்கு ஒன்று அன்று. ஒரு வினவலில் வரிசைப்படுத்தல், ஹேஷ் என்று எத்தனை படிகள் உண்டோ அத்தனைக்கும் தனித்தனி. யாரோ ஓர் அறிக்கையை விரைவுபடுத்த அதை 256 ஆக்கியிருந்தால், 40 இணைப்புகளோடு பெருக்கிப் பாருங்கள். நீண்ட நாள் மூடப்படாத இணைப்புகள் தாம் தொட்ட அட்டவணைகளின் விவரங்களைச் சேர்த்துவைத்துக்கொண்டே பருக்கும். இணைப்புக் குளத்தில் ஓர் இணைப்புக்கு 30 நிமிட ஆயுள் வைத்தால் இது அடங்கும். 14ஆம் பதிப்பு முதல், ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இணைப்பின் நினைவகப் பிரிவுகளைப் பதிவுக் கோப்பில் எழுதச் சொல்லும் வசதியும் இருக்கிறது.

பைத்தானில் 3.4 பதிப்பு முதல் உள்ள டிரேஸ்மாலாக், எந்த நிரல்வரி எவ்வளவு ஒதுக்கியது என்பதை இரண்டு படங்களாக எடுத்து ஒப்பிடும். கோ மொழியில் பிப்ராஃப் அதே வேலையைச் செய்யும். சி, சி பிளஸ் பிளஸ் நிரல்களுக்கு வால்கிரைண்டும் ஹீப்டிராக்கும் உண்டு. வால்கிரைண்ட் நிரலைப் பல மடங்கு மெதுவாக்கும் என்பதால் அதைச் சோதனைக் கணினியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காரணம் கிடைக்கும்வரை காப்பு, கிடைத்த பிறகு சரிபார்ப்பு

தேடல் நடக்கும் நாள்களிலும் ஏலம் நின்றுவிடக் கூடாது. ரேம் முற்றிலும் தீர்ந்தால் லினக்ஸ் கெர்னல் ஏதேனும் ஒரு ப்ராசஸைக் கொல்லும். அது கசியும் நிரலாகவே இருக்க வேண்டும் என்பதில்லை, ஒரு பாவமும் அறியாத தரவுத்தளமாகவும் இருக்கலாம். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி பதிவில் அவுட் ஆஃப் மெமரி என்ற வரியைத் தேடினால் யார் கொல்லப்பட்டார் என்பது தெரியும். ஆகவே லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் நிரலுக்கு மெமரிமேக்ஸ் வரம்பை வைத்து, பாதிப்பு அதற்குள்ளேயே அடங்கும்படி செய்யுங்கள். ஜாவாவின் ஹீப் வரம்பு அந்த வரம்பைவிடக் கணிசமாகக் குறைவாக இருப்பது முக்கியம். ஹீப் வரம்பை முதலில் தொட்டால்தான் ஜாவா தானே பிழை எழுப்பி, நீங்கள் கேட்டுவைத்திருந்தால் டம்பையும் எழுதிவைக்கும். கெர்னல் கொன்றால் எதுவுமே எழுதப்படாது. நிரலை நிறுத்தித் தொடங்கியே ஆக வேண்டிய நிலை வந்தால், அதற்கு முன் கிளாஸ் ஹிஸ்டோகிராமையும் த்ரெட் பட்டியலையும் கோப்பில் சேமிக்கும் இரண்டு கட்டளைகளை அந்த ஸ்கிரிப்டிலேயே சேர்த்துவிடுங்கள். அப்போது ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு தடயத்தை விட்டுச் செல்லும்.

திருத்தத்தைச் செய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்று இடங்களைச் சேர்த்து மாற்றி வளர்ச்சி நின்றுவிட்டால், எது காரணம் என்பது உங்களுக்குத் தெரியாமலேயே போய்விடும். பல நேரங்களில் இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். பெரியதை நீக்கியதும் கோட்டின் சாய்வு பாதியாகும், தட்டையாகாது. அதைத் தோல்வி என்று கருதித் திருத்தத்தைத் திரும்பப் பெறாமல், மீதமுள்ள சாய்வு இப்போது எதனோடு சேர்ந்து வளர்கிறது என்று அதே நெடுவரிசைகளைக் கொண்டு மீண்டும் பாருங்கள்.

சோதனைச் சர்வரில் அதே 1,009 முறை ஓட்டத்தைத் திருத்தத்துக்குப் பிறகும் நடத்தி, கூடிய ஆப்ஜெக்ட்களின் எண்ணிக்கை பூஜ்யமாகிவிட்டதை உறுதிசெய்யுங்கள். உண்மைச் சர்வரில், நிறுத்தித் தொடங்கும் ஏற்பாட்டை நீக்கிவிட்டு, தடை முடிந்து படகுகள் முழு அளவில் வரும் ஜூன் பிற்பாதியில் குறைந்தது இரண்டு வாரம் தொடர்ந்து ஓடவிட்டு, ஒவ்வொரு நாளும் கூட்டம் கலைந்த பிறகு உள்ள அடிமட்டத்தை மட்டும் வரைந்து பாருங்கள். அது தட்டையாக இருந்தால் நிமிடப் பதிவை நிறுத்திவிடாமல் ஓடவிட்டு, உயிரோடு உள்ள செஷன்கள், திறந்த இணைப்புகள், த்ரெட்கள் ஆகிய மூன்றுக்கும் ஒரு எச்சரிக்கை வரம்பை வைத்துவிடுங்கள். புதிய பதிப்பு ஒன்றில் கசிவு மீண்டும் நுழைந்தால், ரேம் குறைவதற்குப் பல நாள் முன்பே இந்த மூன்றில் ஒன்று வரம்பைத் தாண்டும்.